ஒரே சைட்ல நாலு பிஎம்: யார் சொல்றதை யார் கேக்கறது?

கேள்வி
பிப்ரவரி 3, மாலை

ஆஸ்பத்திரி பில்டிங், ஏழு மாடி. சிவில் காண்ட்ராக்டருக்கு ஒரு பிஎம் (ப்ராஜெக்ட் மேனேஜர்), எம்இபிக்கு, அதாவது ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலைக்கு ஒரு பிஎம் (நான்), இன்டீரியருக்கு ஒரு பிஎம், இதுக்கெல்லாம் மேல ஓனர் போட்ட பிஎம்சில (மொத்த ப்ராஜெக்ட்டையும் மேற்பார்வை பாக்கற கன்சல்டன்சி) ஒரு பிஎம். வாராவாரம் ரிவ்யூ. நாலு பேர் ரிப்போர்ட்லயும் எல்லாம் பச்சை, அதாவது லேட் எதுவும் இல்ல, பில்டிங் மட்டும் லேட்டாயிட்டே போகுது. என் கருத்து, ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஒரு பிஎம் தான் இருக்கணும், மத்தவங்க எல்லாரும் அவருக்குக் கீழ. இல்லேன்னா இது உருப்படாது. சரிதானே?

பிப்ரவரி 3, ராத்திரி

எனக்கு இதுல உடன்பாடு இல்ல தம்பி. நானும் எம்இபி தான், ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஐடி பார்க்னு கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் சைட் பாத்தவ, உங்க கோபம் நல்லாவே புரியுது. ஆனா முதல்ல உங்க ஒர்க் ஆர்டரை எடுத்து ஒரு தடவை படிங்க. யார் கூட ஒப்பந்தம் போட்டிருக்கீங்க? ஓனரோட. சிவில்காரர்? அவரும் ஓனரோட. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்படி இருக்கும்போது அவர் எதுக்கு உங்க பேச்சைக் கேக்கணும், நீங்க எதுக்கு அவர் பேச்சைக் கேக்கணும்? பிஎம்சி மேல இருக்கார்னு சொல்றோம், ஆனா ஒரு சின்ன வேரியேஷன் (ஒப்பந்தத்துல இல்லாத மாற்றம்) பாஸ் பண்ணணும்னா அவரும் ஓனர்கிட்ட தான் போய் நிக்கணும்.

சரி, எல்லா வேலையையும் ஒரே காண்ட்ராக்டர்கிட்ட கொடுத்து ஒரே பிஎம் வெச்ச சைட்டும் பாத்தாச்சு. அங்க சிவில் ஹெட்டுக்கும் எம்இபி ஹெட்டுக்கும் இதே தகராறு நடக்கும், வெளிய தெரியாது அவ்வளவுதான்.

நாலு ரிப்போர்ட்டும் பச்சையா இருக்கறதுக்குக் காரணம் யாரும் பொய் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. லேட் ஆகற வேலை எதுன்னு பாருங்க, பாதிக்கு மேல ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற வேலையா இருக்கும். ஷாஃப்ட் (பைப், கேபிள் மாடி மாடியா மேல ஏறற குழி) ஹேண்டோவர், ஸ்லீவ் (ஸ்லாப்ல பைப் போறதுக்கு விடற குழாய்), லெவல் மார்க் (உயரம் அளக்கறதுக்கான கோடு), டெம்பரரி பவர், சாரம், சீலிங் மூடறது. இதெல்லாம் உங்க ஷெட்யூல்ல தனி லைனா இருக்கா? சிவில் ஷெட்யூல்ல இருக்கா? ரெண்டுலயும் இருக்காது. அப்புறம் எதுல சிவப்பு காட்டும்?

பிப்ரவரி 4

ஸ்லீவ் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார், "அது சின்ன விஷயம் தானே, பின்னாடி கோர் கட்டிங் பண்ணி ஓட்டை போட்டுக்கலாமே"ன்னு.

சின்ன விஷயம் இல்லைங்க. ஸ்லாப் கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி பைப் போற இடத்துல ஸ்லீவ் வெச்சாகணும். போர் கார்டுல (கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் ஓகே சொல்ற சீட்டு) எம்இபி கையெழுத்துக்குன்னே ஒரு கட்டம் இருக்கும். நடைமுறைல என்ன ஆகுதுன்னா, ராத்திரி எட்டு மணிக்கு டிரான்சிட் மிக்சர் (கான்கிரீட் லாரி) கேட்ல வந்து நிக்கும், சிவில் எஞ்சினியர் போன்ல கூப்பிட்டு "சார் ஓகே தானே"ம்பார், நம்ம ஆளு வீட்ல இருந்தே ஓகேம்பான். மறுநாள் ஷட்டரிங் பிரிச்சுப் பாத்தா நாலு ஸ்லீவ் நகந்திருக்கும், ஒண்ணைக் காணவே காணோம். சாதா ஸ்லாப்னா கோர் கட்டிங் மெஷினைக் கொண்டு வந்து அறுக்கலாம், கம்பி வெட்டுப்படும், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கிட்ட எழுதி வாங்கணும். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்னா கதையே வேற, உள்ள இழுத்துக் கட்டின டெண்டன் கம்பில பிளேடு பட்டா ஆளுக்கே ஆபத்து, ஸ்கேன் பண்ணாம மெஷினை வைக்கவே கூடாது.

அப்புறம் இந்தக் கோர் கட்டிங் காசு யாரோடதுன்னு மூணு மாசம் மெயில் ஓடும். ஸ்லாப் போட்டது சிவில், ஸ்லீவ் கொடுக்க வேண்டியது எம்இபி, போர் கார்டை செக் பண்ண வேண்டியது பிஎம்சி. மூணு பேரும் மத்த ரெண்டு பேரைக் கை காட்டலாம், மூணு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்.

நான் என் சைட்ல சிவில் பிஎம் கூட உக்காந்து முடிவு பண்ணினது ஒண்ணே ஒண்ணு தான். போர் கார்டுல எம்இபி கையெழுத்து ஸ்லாப் மேல நின்னு தான் போடணும், போன்ல ஓகே கிடையாது. பதிலுக்கு நான் கொடுத்த வாக்கு, கான்கிரீட் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலமே என் ஆள் வந்து பாத்துடுவான், என்னால மிக்சர் காத்திருக்காது. அவர் என்னைவிட ரொம்பப் பெரியவர், நான் அண்ணேன்னு தான் கூப்பிடுவேன். "நீ ஆளை அனுப்பும்மா, நான் நிறுத்தி வைக்கறேன்"னார். அந்தப் பேச்சை மினிட்ஸ்ல ஏத்தி பிஎம்சிக்கும் அனுப்பினோம். பேச்சு மட்டும் போதாது, ஏன்னா அவர் வேற சைட்டுக்கு மாறிட்டா அந்த வாக்கும் அவரோட போயிடும்.

பிப்ரவரி 6

யாரும் தொடாத விஷயத்துக்கு வரேன். பில்லிங்.

சிவில்காரருக்கு பூச்சு வேலை சதுர மீட்டர் கணக்குல ஆர்ஏ பில்லுல (வேலை நடக்க நடக்க போடற ரன்னிங் பில்) வருது. அவருக்கு ஏழு மாடியிலயும் ஒரே நேரத்துல பெரிய பெரிய சுவரா பூசிட்டுப் போனா தான் அந்த மாசம் பில் நல்லா நிக்கும். மூலை, ஷாஃப்ட் உள்பக்கம், டக்ட் (ஏசி காத்து போற பெட்டிக் குழாய்) பின்னாடி இருக்கற ஒரு அடி சுவர் இதெல்லாம் மெனக்கெடு அதிகம், காசு கம்மி, அதனால கடைசிக்குப் போகும். நமக்கோ நேர் எதிர். நமக்கு ஒரு ஷாஃப்ட் முழுசா கீழ இருந்து மேல வரைக்கும் வேணும், மத்த சுவர் எப்ப பூசினாலும் கவலை இல்ல.

நம்ம பக்கம் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா அதுவும் கிடையாது. எம்இபில மெட்டீரியல் சைட்டுக்கு வந்தாலே பில்லுல பெரிய பங்கு கிடைச்சுடும், அதனால வருஷக் கணக்கு முடியற மார்ச் நெருங்கினா எல்லா எம்இபி பிஎம்மும் கேபிள் டிரம், ஏஹெச்யூ (ஏசி காத்து மெஷின்), பேனல்னு கொண்டு வந்து குமிக்கறாங்க. அது எங்க இறங்கும்? இன்டீரியர்காரர் டைல்ஸ் ஒட்ட வேண்டிய ஃப்ளோர்ல. அவர் வந்து கத்துவார், அவர் கத்தறது நியாயம்.

ஆக, நாலு பேரும் நல்லவங்க, நாலு பேரும் அவங்கவங்க கம்பெனிக்கு ஒழுங்கா உழைக்கறாங்க, அதனால தான் சைட் நகராம நிக்குது. மனுஷங்களைக் குத்தம் சொல்றதை விட்டுட்டு, ஓனர்கிட்ட போய் பில்லிங் மைல்ஸ்டோன்ல ஒண்ணு ரெண்டையாவது சேர்ந்த மைல்ஸ்டோனா மாத்தச் சொல்லுங்க. "மூணாவது மாடி ஷாஃப்ட் ஹேண்டோவர் முடிஞ்சா சிவிலுக்கு இவ்வளவு ரிலீஸ்"னு ஒரு வரி போதும். நான் பாத்த ஒரு சைட்ல ஓனர் இதுக்கு ஒத்துக்கிட்டார், அடுத்த மாசமே மேஸ்திரிங்க ஷாஃப்ட் உள்ள தொங்கிட்டு இருந்தாங்க, எந்த மீட்டிங்கும் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செஞ்சுது.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதுல ஒண்ணு சேக்கணும். ஏற்கெனவே கையெழுத்தான கான்ட்ராக்ட்ல பேமென்ட் டெர்ம்ஸை மாத்தறது அவ்வளவு சுலபம் இல்ல, கவர்மென்ட் டெண்டர்னா பெரும்பாலும் நடக்காது. ப்ரைவேட் ஓனர்னா பேசிப் பாக்கலாம். காசு கூட்டிக் கேக்காதீங்க, இருக்கற காசையே வேற இடத்துல பிரிச்சுக் கொடுங்கன்னு கேளுங்க.

பிப்ரவரி 7

டிராயிங். சீலிங்குக்கு மேல யார் எங்க போறதுங்கறது இன்னைக்கும் "முதல்ல வந்தவன் இடம் பிடிச்சான்"னு நடக்குது பல சைட்ல. ஃபயர்காரர் சீக்கிரம் வந்தார்னா ஸ்ப்ரிங்க்ளர் பைப்பை நடு காரிடார்ல ஓட்டிட்டுப் போயிடுவார், அப்புறம் வர டக்ட்டுக்கு இடம் இருக்காது.

எங்க வழக்கம் என்னன்னா, டிரெய்னேஜ் பைப்புக்கு முதல் மரியாதை. அதுக்கு சரிவு வேணும், 10 மீட்டர் ஓடினா குறைஞ்சது 10 சென்டிமீட்டர் இறங்கணும், அதை ஏத்தி இறக்கி வளைக்க முடியாது. அடுத்தது பெரிய டக்ட். அப்புறம் சில்டு வாட்டர் பைப் (ஏசிக்குக் குளிர்ந்த தண்ணி போறது), மெடிக்கல் காஸ். ஸ்ப்ரிங்க்ளரும் கேபிள் ட்ரேயும் வளைஞ்சு கொடுக்கும், அதனால கடைசி. இதை கம்பைன்டு சர்வீசஸ் டிராயிங்ல (எல்லா லைனும் சேர்ந்த ஒரே படம்) போட்டு எல்லா பிஎம்மும் ஒரே ஷீட்ல கையெழுத்துப் போடணும்.

ஒரே ஷீட்ங்கறதை நான் அழுத்திச் சொல்றேன். அவங்கவங்க லேப்டாப்ல அவங்கவங்க ரிவிஷன் வெச்சிருந்தா என்ன ஆகும்னு ஏர்பஸ் ஏ380 கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஜெர்மனில ஹாம்பர்க்ல CATIA-ங்கற டிராயிங் சாஃப்ட்வேரோட நாலாவது வெர்ஷன், பிரான்ஸ்ல டூலூஸ்ல அஞ்சாவது வெர்ஷன். ஹாம்பர்க்ல செஞ்ச வயரிங்கை டூலூஸ்ல விமானத்துக்குள்ள ஓட்டினப்ப நீளம் பத்தல. ஒரு விமானத்துல சுமார் 530 கிலோமீட்டர் வயர். 2006ல டெலிவரி மேல டெலிவரி தள்ளிப் போய், முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு 2007 அக்டோபர்ல தான் போச்சு. ரெண்டு ஊர்லயும் இருந்தவங்க திறமைசாலிங்க, அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க டிராயிங் சரியாவே இருந்திருக்கும்.

பிப்ரவரி 7

லெவல் மார்க்கை யார் போடணும்னு கேட்டவருக்கு: எல்லா தூண்லயும் 1 மீட்டர் லெவல் கோடு சிவில் சர்வேயர் அடிக்கறது தான், மத்தவங்க அதுல இருந்து தான் அளக்கணும், யாரும் சொந்தமா டியூப் லெவல் வெச்சு இன்னொரு கோடு போடக்கூடாது. பூச்சுல கோடு மறைஞ்சா திரும்பவும் சிவிலே அடிச்சுக் கொடுக்கணும். இவ்வளவுதான்.

பிப்ரவரி 10

அடுத்தது ஷெட்யூல்.

பிஎம்சி மாஸ்டர் ஷெட்யூல் ப்ரைமவேரா சாஃப்ட்வேர்ல போட்டிருப்பார், அதுல ஒரே காலண்டர், ஞாயித்துக்கிழமை லீவு, சில பண்டிகை லீவு. சைட்ல நிஜமான காலண்டர் அப்படியா இருக்கு? நம்மூர் பிளம்பர், எலக்ட்ரீஷியன் பொங்கலுக்குப் போனா ஒரு வாரம், சில பேர் ரெண்டு வாரம். சிவில்ல கம்பி கட்டறவங்க, ஷட்டரிங் ஆளுங்க பீகார், ஒடிசா, வங்காளம். பீகார்க்காரங்க தீபாவளிக்குப் போனா சட் பூஜை முடிச்சுட்டு தான் வருவாங்க, ஹோலிக்குத் திரும்பவும் போவாங்க. எலெக்ஷன் வந்தா ட்ரெயின் ட்ரெயினா ஊருக்குக் கிளம்பிடுவாங்க. இன்டீரியர்ல கார்பெண்டர் நெறைய பேர் ராஜஸ்தான், அவங்களுக்குக் கல்யாண சீசன் வேற. சிவில் ஆள் இல்லாத நேரத்துல நம்ம ஆள் சும்மா உக்காந்திருப்பான், சிவில் திரும்பி வந்து ஏரியா ஹேண்டோவர் பண்றப்ப நம்ம ஆள் பொங்கலுக்குப் போயிருப்பான்.

இதை யாரும் ரிவ்யூல சொல்ல மாட்டாங்க, ஏன்னா "லேபர் இல்ல"ன்னு சொன்னா அது நம்ம தப்புன்னு ஆயிடும். நாங்க என்ன பண்ணோம்னா ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல நாலு டீமோட உண்மையான ஆள் இருக்கற வாரம், இல்லாத வாரம் எல்லாத்தையும் ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டு சைட் ஆபீஸ்ல ஒட்டினோம். ப்ரைமவேராவுல இல்லாத உண்மை அந்த சார்ட்ல இருந்துச்சு. ஜனவரி கடைசில சிவிலும் நாங்களும் சேர்ந்து ஃபுல்லா இருக்கற வாரங்க எதுன்னு பாத்து, ஷாஃப்ட் ஹேண்டோவர் எல்லாத்தையும் அந்த வாரங்களுக்கு நகத்தினோம்.

அப்புறம் ஃப்ளோட், அதாவது ஷெட்யூல்ல மிச்சமா இருக்கற நாள். சிவில் சீக்கிரம் முடிச்சு பத்து நாள் மிச்சம் பிடிச்சார்னு வைங்க, அந்தப் பத்து நாள் யாரோடது? அவர் என்னோடதும்பார். நாம நம்மளோடதும்போம். கட்டுமான வழக்குங்கள்ல உலகம் முழுக்க எடுத்துப் பாக்கற எஸ்சிஎல் ப்ரோட்டோகால்னு (பிரிட்டன்ல இருக்கற கட்டுமானச் சட்டச் சங்கம் போட்ட வழிகாட்டி) ஒண்ணு இருக்கு, 2002ல வந்தது, 2017ல ரெண்டாவது பதிப்பு. கான்ட்ராக்ட்ல தனியா எழுதலேன்னா ஃப்ளோட் எந்த ஒரு தரப்புக்கும் சொந்தம் கிடையாது, ப்ராஜெக்ட்டுக்குப் பொதுங்கற நிலைப்பாடு தான் அதுல. ஓனருக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவுல சொன்னது அது. ஆனா பக்கத்து பக்கத்துல நிக்கற காண்ட்ராக்டருங்களுக்கும் இதையே பேசி வெச்சுக்கலாம்ங்கறது என் கருத்து. முதல்ல தேவைப்படறவங்க எடுத்துக்கட்டும், ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி மத்த மூணு பேருக்கும் சொல்லணும்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்ட தம்பி இன்னைக்கு எழுதியிருக்கார், ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்ல சிவில்காரர் இவரை ஒரு வார்த்தை கேக்காமயே "எம்இபியால டிலே"ன்னு நாலு என்ட்ரி போட்டுட்டாராம், பதிலுக்கு இவர் ஆறு போடப் போறாராம்.

போடாதீங்க. அந்த ரெஜிஸ்டர் எதுக்குன்னு முதல்ல நினைச்சுப் பாருங்க. வேலை எந்த நாள் எதனால நின்னுது, எந்த நாள் திரும்ப ஆரம்பிச்சுதுன்னு காண்ட்ராக்டரும் எஞ்சினியரும் சேர்ந்து குறிச்சு வைக்கறதுக்கு, டைம் எக்ஸ்டென்ஷன் கேக்கறப்ப அதை வெச்சுத் தான் நாள் கணக்கு போடுவாங்க. அது உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல இருக்கற கணக்கு. பக்கத்து பிஎம்மை அடிக்கறதுக்கு அதை எடுத்தா அவர் அதுக்கு மேல ஒண்ணு எடுப்பார், கடைசில ஓனரோட வக்கீல் ரெண்டு பேர் ரெஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டு பேராலயும் டிலே, ரெண்டு பேருக்கும் காசு கிடையாதும்பார். இது நடக்கறதைக் கண்ணால பாத்திருக்கேன், ரெண்டு கம்பெனியும் நஷ்டத்துல தான் வெளிய போச்சு.

அந்த நாலு என்ட்ரியையும் எடுத்துக்கிட்டு நேரா அவர் கேபினுக்குப் போங்க. மெயில் வேண்டாம், வாட்ஸ்ஆப் குரூப்ல கண்டிப்பா வேண்டாம், அங்க ஓனரும் இருப்பார், எல்லாரும் ஓனருக்குக் கேக்கணும்னு தான் பேசுவாங்க. "அண்ணே, இது நாலுல எது சரி, எது சரியில்லைன்னு பாத்துடலாம்"னு சொல்லுங்க. சரியானதை ஒத்துக்கங்க. ஒண்ணை ஒத்துக்கிட்டீங்கன்னா அவரும் ஒண்ணை எடுப்பார். இனிமே என்ட்ரி போடறதுக்கு முந்தி அன்னைக்கு சாயங்காலமே காட்டிடலாம்னு பேசிக்கங்க. உண்மையான தடையை எழுதாம விடச் சொல்லல, அது உங்க கம்பெனிக்கு நீங்க செய்ற துரோகம். எழுதறது அவருக்குத் தெரிஞ்சு இருக்கட்டும்.

பிப்ரவரி 15

"பிஎம்சி எதுக்கு, சும்மா மினிட்ஸ் எழுதற ஆளு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இதுக்குக் கொஞ்சம் நீளமா தான் பதில் சொல்லணும்.

லண்டன்ல ரெண்டு ப்ராஜெக்ட். ஒண்ணு ஹீத்ரோ ஏர்போர்ட் டெர்மினல் 5. அதுல ஓனர் பிஏஏங்கற ஏர்போர்ட் கம்பெனி, பல காண்ட்ராக்டர்களை வெச்சுக்கிட்டு, ரிஸ்க்கைத் தானே ஏத்துக்கிட்டாங்க, இன்ஷூரன்ஸும் மொத்த ப்ராஜெக்ட்டுக்கும் ஒண்ணா எடுத்தாங்க. யார் தப்புன்னு தேடறதுல யாருக்கும் காசு இல்லாதபடி பண்ணிட்டாங்க, அதனால எல்லா காண்ட்ராக்டரோட ஆளுங்களும் ஒரே டீமா உக்காந்து பிரச்சினையைத் தீக்க முடிஞ்சுது. கட்டி முடிக்கறது சொன்ன பட்ஜெட்ல, சொன்ன நேரத்துல நடந்துச்சு. இன்னொண்ணு கிராஸ்ரெயில், லண்டனுக்குக் குறுக்கே போற ரயில் பாதை. 2018 டிசம்பர்ல திறக்க வேண்டியது, 2022 மே 24ல தான் திறந்தாங்க. ரயில் ஒரு பாதையில போகும்போதே மூணு வேற சிக்னலிங் சிஸ்டத்துக்கு நடுவுல மாறி மாறிப் போகணும். ஸ்டேஷன், சுரங்கம், ரயில், சிக்னல் எல்லாம் வேற வேற ஒப்பந்தம். அந்த ஒப்பந்தங்களுக்கு நடுவுல இருந்த ரிஸ்க்கும் ஓனர் பக்கம் தான் இருந்துச்சு.

பாருங்க, ரெண்டு இடத்துலயும் நடுவுல இருக்கற ரிஸ்க் ஓனர் கையில தான். ஒரு இடத்துல அதை எடுத்துக்கிட்டு, அதுக்குன்னு ஆள் போட்டு, பணம் ஒதுக்கி, தினமும் பாத்தாங்க. இன்னொரு இடத்துல கையில இருந்துச்சு, ஆனா எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சு ஓட்டிப் பாக்கற வேலை எவ்வளவு பெருசுன்னு ரொம்ப லேட்டா தான் வெளிச்சத்துக்கு வந்துச்சு. அதனால பிஎம்சி வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். நாலு காண்ட்ராக்ட்டையும் ஒண்ணா பாக்கறதுக்கு சைட்ல இருக்கற ஒரே ஆள் அவர் தான். அவரை மினிட்ஸ் எழுத விட்டது நாம. ரிவ்யூல நம்ம பச்சை சிவப்பைக் காட்டி நேரத்தைக் கழிக்காம, "இந்த வாரம் ஹேண்டோவர் ஆக வேண்டியது என்னென்ன, எது ஆகல"ன்னு மட்டும் கேளுங்க சார்னு அவர்கிட்ட நேரா கேட்டுப் பாருங்க. பல பேர் இதுக்காகவே காத்துட்டு இருப்பாங்க.

பிப்ரவரி 16

டெர்மினல் 5 திறந்த அன்னைக்கு பெட்டியெல்லாம் தேங்கிப் போச்சேன்னு ஞாபகப்படுத்தினவருக்கு நன்றி. ஆமா, 2008 மார்ச் 27. அன்னைக்கு ஆரம்பிச்சு சில நாள்ல ஃப்ளைட் நூத்துக்கணக்குல கேன்சல், பெட்டிங்க ஆயிரக்கணக்குல சிக்கிக்கிச்சு. அது நான் சொன்னதைப் பொய்யாக்கல, இன்னும் கெட்டியாக்குது. கட்டினவங்களுக்கு நடுவுல இருந்த தகராறு இல்ல அது, கட்டினவங்க கையில இருந்து நடத்தறவங்க கைக்கு மாறின இடத்துல, ஸ்டாஃப் ட்ரெய்னிங், பேகேஜ் சிஸ்டம் டெஸ்டிங்ல விட்டுட்டாங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும் தம்பி, பயோமெடிக்கல் டிபார்ட்மென்ட் ஆளையும் நர்சிங் பொறுப்புல இருக்கறவங்களையும் இப்பவே மாசம் ஒரு தடவை சைட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. பெட்ஹெட் பேனல் (கட்டில் தலைமாட்டுல காஸ், ஸ்விட்ச் எல்லாம் இருக்கற பலகை) எந்த உயரத்துல வேணும்னு அவங்க சொல்ற அளவு டிராயிங்ல இருக்கற அளவோட ஒத்துப் போறது அபூர்வம்.

பிப்ரவரி 21

தம்பி போயி பேசியிருக்கார். நாலு என்ட்ரில ரெண்டை சிவில்காரரே அடிச்சுட்டாராம், ஒண்ணை இவர் ஒத்துக்கிட்டாராம், மீதி ஒண்ணு பிஎம்சிகிட்ட போயிருக்கு. ரொம்ப சந்தோஷம். இப்ப புதுக் கேள்வி: இன்டீரியர் பிஎம் சீலிங்கை மூட அவசரப்படறார், ஓனர் சாம்பிள் ஃப்ளோர் பாக்க வரார்ங்கற காரணத்துக்காக. மூட விடலாமா?

விடாதீங்க. இதுல மட்டும் உறவு, மரியாதை, அண்ணன் தம்பி எதையும் பாக்காதீங்க. சீலிங்குக்கு மேல ஓடறது ஆக்சிஜன். காப்பர் பைப்ல நைட்ரஜன் விட்டுக்கிட்டே பிரேசிங் பண்ணி (இணைப்பைப் பத்த வெச்சு), ப்ரெஷர் ஏத்தி 24 மணி நேரம் நிக்க வெச்சு, அப்புறம் ஒரு நேரத்துல ஒரு காஸ் மட்டும் திறந்து ஒவ்வொரு அவுட்லெட்லயும் அந்த காஸ் தான் வருதான்னு பாக்கணும். ஆக்சிஜன்னு எழுதின அவுட்லெட்ல வேற காஸ் வந்தா அந்தப் பக்கம் படுத்திருக்கற நோயாளிக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. மூடின சீலிங்குக்கு மேல கசிவைத் தேடறதும் யாராலயும் ஆகாது.

இன்டீரியர் பிஎம்முக்கும் ஒரு வழி கொடுங்க, அவருக்கு ஓனர்கிட்ட பதில் சொல்லணும். ரூம் ரூமா சீலிங் க்ளோசர் ஷீட் போடுங்க, ஒரு ரூமுக்கு ஒரு ஷீட். மெடிக்கல் காஸ், ஃபயர், ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் அஞ்சு பேரும் டெஸ்ட் முடிஞ்ச தேதியோட கையெழுத்து, கடைசில பிஎம்சி. ஷீட் முழுசானா அன்னைக்கே அந்த ரூமை மூடிக்கலாம், மத்த ரூமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல. சாம்பிள் ஃப்ளோருக்கு எந்தெந்த ரூம் முக்கியம்னு அவர்கிட்டயே லிஸ்ட் வாங்கி, அந்த ரூம்ங்களை நீங்க முதல்ல டெஸ்ட் பண்ணிக் கொடுங்க. ஒண்ணு கவனம், பைப் ரூம் ரூமா தனியா ஓடாது, அதனால ஜோன் வால்வு (ஒரு பகுதிக்கு மட்டும் காஸை நிறுத்தறது) எங்க இருக்கோ அந்த ஜோன் முழுக்க டெஸ்ட் ஆகணும், அவர் லிஸ்ட்ல நாலு ரூம் கேட்டா நீங்க பன்னெண்டு ரூம் முடிக்க வேண்டி வரலாம். ஆள் பத்தலைன்னா இன்னைக்கே சொல்லிடுங்க, கடைசி நாள்ல சொல்லாதீங்க.

பிஎம்சி லீவுல இருந்தா யார் கையெழுத்துன்னு கேட்டிருக்கீங்க. அவர் எழுத்துல யாரைச் சொல்லிட்டுப் போறாரோ அவர் போடலாம். சொல்லாம போயிருந்தா அவர் வர வரைக்கும் அந்த ரூம் திறந்தே இருக்கட்டும், ஓனர் வந்தா பைப்போட பாக்கட்டும்.